கிரேன் அக்கா கல்லூரிக்குப் போன கதை

கட்டட வேலை நடக்கும் இடத்தில் அவளுடைய பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். கிரேன் அக்கா என்றால் போதும், எல்லோரும் அண்ணாந்து பார்த்து மேலே கையைக் காட்டுவார்கள். எழும்பிக்கொண்டிருக்கும் கட்டடத்தையும் தாண்டி நிற்கும் இரும்புக் கோபுரம், அதன் உச்சியில் சுற்றிலும் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறை. காலையில் ஏணி ஏறி அதற்குள் போய் உட்கார்ந்தால் வேலை முடிந்த பிறகுதான் தரையை மிதிப்பாள். ஒரு சாப்பாட்டுத் தூக்கு, ஒரு தண்ணீர் பாட்டில், முதுகுக்கு ஒரு பழைய தலையணை, இவ்வளவுதான் அவள் குடித்தனம். கம்பிக் கட்டோ கண்ணாடிச் சட்டமோ, கொக்கியில் எதை மாட்டினாலும் பூப்போல இறக்குவாள் என்று பெயர் எடுத்திருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் சலூன் வைத்திருந்தார். கத்தரிக்கோலுக்காவது அவ்வப்போது ஓய்வு உண்டு, அவர் வாய்க்குக் கிடையாது. பள்ளியின் கடைசி வருஷத்தில் இருந்த ஒரே மகள் அப்பாவின் வாயையும் அம்மாவின் பிடிவாதத்தையும் ஒன்றாக வாங்கி வந்திருந்தாள்.

பலத்த காற்று வீசும் நாள்களில் கிரேனை ஓட்டமாட்டார்கள். இறங்குவதற்கு முன்னால், அது சுழல்வதைத் தடுக்கும் பிரேக்கை விடுவித்துவிட்டு வர வேண்டும். அப்புறம் கிரேனின் நீண்ட கை காற்றின் போக்குக்குத் தானாகவே சுற்றிக்கொண்டிருக்கும். எத்தனையோ தடவை அதைச் செய்திருக்கிறாள், ஏன் என்று கேட்டதில்லை. அப்படி ஒரு காற்று நாளில் தகரக் கொட்டகையில் ஒதுங்கி நின்றபோது, பக்கத்தில் நின்ற சைட் இன்ஜினியரிடம் சும்மா பேச்சுக்குக் கேட்டாள்.

"ஏன் சார், இவ்வளவு பெரிய இரும்பைக் கட்டிப்போடாம காத்துல அவுத்து விட்டுட்டு வர்றோமே, பயமா இல்லையா?"

"கட்டிப்போட்டாத்தான்க்கா பயம்" என்றார் அந்த இளைஞர். கிழிந்த அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துப் படம் போட்டார். காற்றுக்குக் குறுக்கே கை நின்றால் அதன் மொத்த நீளத்தையும் காற்று தள்ளும். அடியில் இருக்கும் கோபுரத்தை முறுக்கும். விட்டுவிட்டால் கை காற்று போகும் திசைக்கே திரும்பிக்கொள்ளும், தள்ளுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. அம்புக்குறி, அம்புக்குறியாகப் போட்டுக்கொண்டே போனார்.

பல வருஷம் ஒரே வீட்டில் கூடவே குடியிருந்த ஆள் வாய் திறந்தது போல, கிரேன் அன்றைக்குத்தான் தன்னைப் பற்றிப் பேசியதாகத் தோன்றியது அவளுக்கு.

"இன்னும் சொல்லுங்க சார்."

"எனக்கு ஞாபகம் இருக்கிறதே இவ்வளவுதான்க்கா. மிச்சம் வேணும்னா நீங்கதான் போய்ப் படிக்கணும். வேலைக்குப் போறவங்களுக்குன்னே சாயங்கால காலேஜ் இருக்கே" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளி முடித்தபோது அவளுக்கு இன்ஜினியரிங் இடம் கிடைத்திருந்தது. அந்த வருஷம் பார்த்து அம்மா படுக்கையில் விழ, தம்பிகள் இருவரையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. அடுத்த வருஷம் போகலாம், அடுத்த வருஷம் போகலாம் என்று இருந்ததில் கல்யாணம் வந்தது, மகள் வந்தாள், கிரேன் வந்தது. வருத்தப்பட்டு உட்காரும் ரகமில்லை அவள். ஆனால் அந்த அட்டையை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

சாப்பிட உட்கார்ந்தபோது விஷயத்தைப் போட்டு உடைத்தாள். கல்யாணமான நாள் முதல் அவள் பார்த்திராத ஒன்று அப்போது நடந்தது. சலூன்காரருக்குப் பேச்சு வரவில்லை.

"என்னங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறீங்க?"

"இரு, யோசிக்கிறேன். அப்ப இனிமே நான் இன்ஜினியர் வீட்டுக்காரன்னு சொல்லிக்கலாமா?"

"பாஸ் பண்ணினா சொல்லிக்கலாம்."

மகளுக்கு வேறு கவலை. "அம்மா, எனக்கும் இது பரீட்சை வருஷம். வீட்ல மேசை ஒண்ணுதான் இருக்கு, சொல்லிட்டேன்."

"பாதி உனக்கு, பாதி எனக்கு."

"ஜன்னல் பக்கம் எனக்கு" என்று பேரத்தை முடித்துவிட்டாள் மகள்.

கல்லூரியில் முதல் வாரம் நடந்தது இன்னும் சிரிப்புக்குரியது. மாணவர் சேர்க்கை முடியாததால் வருகைப் பட்டியல் வரவில்லை. பாடம் எடுக்க வந்த பேராசிரியர் கடைசி வரிசையில் ஒரு பெண்மணி நிமிர்ந்து உட்கார்ந்து, சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். தன் வகுப்பைச் சோதிக்க மேலிடத்திலிருந்து ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று அவராக முடிவு கட்டிக்கொண்டார். அவ்வளவுதான், அந்த வாரம் முழுக்க மனுஷன் பாடம் எடுத்த அழகே அழகு. நேரத்துக்கு வந்தார். பலகையில் கோடு போட அளவுகோல் கொண்டுவந்தார். யாருக்காவது புரியவில்லையென்றால் திரும்பத் திரும்பச் சொன்னார். முன்வரிசை மாணவன் ஒருவன் திரும்பி மெதுவாகக் கேட்டான்: "அக்கா, உண்மையச் சொல்லுங்க, நீங்க யாரு?"

"உங்க கூடப் படிக்க வந்தவ தம்பி."

"ஐயோ, அதை அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"

அடுத்த வாரம் பட்டியல் வந்தது. அவள் பெயரை வாசித்ததும் கடைசி வரிசையிலிருந்து "உள்ளேன் ஐயா" என்று குரல் வர, பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "ஏம்மா, ஒரு வாரமா சலவை செஞ்ச சட்டையா எடுத்து மாட்டிட்டு வந்தேனே!" என்றார். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார். சட்டை பழைய சட்டையானது, ஆனால் அளவுகோல் மட்டும் தொடர்ந்து வந்தது.

படிக்க நேரம் எங்கே கிடைத்தது? மேலேதான் கிடைத்தது. கீழே கான்கிரீட் கலக்கிக்கொண்டிருக்கும்போதோ, மற்றவர்கள் சாப்பிடும்போதோ, கிரேன் சும்மா நிற்கும். தொந்தரவு செய்ய ஒரு ஈ காக்கை வராது. குட்டிக் குட்டித் துண்டுச் சீட்டுகளில் சூத்திரங்களை எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் வாக்கி டாக்கியின் பொத்தான் தலையணை இடுக்கில் சிக்கி அமுங்கிக் கிடந்தது. அது தெரியாமல் அவள் சைன் தீட்டா, காஸ் தீட்டா என்று உருப்போட்டுக்கொண்டிருக்க, கீழே அத்தனை வாக்கி டாக்கியிலும் பாடம் ஒலிபரப்பானது. ஒருவழியாகப் பொத்தான் விடுபட்டதும், கீழே நின்று கையசைத்துச் சுமையை வழிநடத்தும் சிக்னல்காரத் தம்பியின் குரல் வந்தது.

"அக்கா, காஸ் தீட்டா வந்திருச்சுன்னு சொன்னீங்களே, அதை எந்த மாடியில இறக்கணும்?"

அன்றிலிருந்து ஒரு மாதத்துக்கு எந்தச் சாமான் வந்தாலும் அங்கே அதற்குக் காஸ் தீட்டா என்றுதான் பெயர்.

இப்படிச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் முதல் பரீட்சை வந்தது. விசையும் எடையும் பற்றிய பாடம். வகுப்பிலேயே சுமை தூக்கிப் பிழைக்கிறவள் அவள் ஒருத்திதான். அதனால் கேள்வித்தாளைப் பார்த்ததும் மனசுக்குள் ஒரு மிதப்பு. இரண்டு பக்கமும் சாய்வாகக் கட்டிய இரண்டு கயிறுகளில் ஒரு சுமை தொங்குகிறது, ஒவ்வொரு கயிறும் எவ்வளவு தாங்கும் என்று கேட்டிருந்தார்கள். இதென்ன பிரமாதம், ஆளுக்குப் பாதி என்று எழுதிவிட்டு மற்ற கணக்குகளையும் அதே வழியில் போட்டுத் தள்ளினாள். எல்லோருக்கும் முன்னால் எழுந்து வெளியே வந்தாள்.

விடைத்தாள் வந்தது. ஃபெயில். அதுவும் கரையோரம் நின்று தவறவில்லை, நடுக்கடலில் முழுகியிருந்தாள்.

"எதுக்கும்மா பாதின்னு போட்டீங்க?" என்று கேட்டார் பேராசிரியர்.

"ரெண்டு பேர் தூக்கினா ஆளுக்குப் பாதிதானே சார்?"

"ஒட்டி நின்னு தூக்கினா சரி. தள்ளித் தள்ளி நின்னா? யோசிச்சுப் பாருங்க. மறுபரீட்சை இருக்கு."

மேலே உட்கார்ந்து இத்தனை வருஷம் தூக்கினோமே, கொக்கிக்குக் கீழே கயிறு என்ன பாடுபடுகிறது என்று தெரியாமலே இருந்திருக்கிறோமே என்று அவள் முகம் சுண்டிப்போனது. வீட்டுக்கு வந்து கணவரிடம் மட்டும் சொன்னாள். அங்கேதான் தப்பு செய்தாள்.

மறுநாள் தெருவில் கால் வைத்தால், கறிக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "விடுங்கம்மா, அடுத்த தடவை தூக்கிரலாம்" என்றார். உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் பயில்வான் எதிரே வந்து, "எனக்கெல்லாம் கணக்குன்னாலே காய்ச்சல் வரும், நீங்க எவ்வளவோ மேல்" என்று ஆறுதல் சொன்னார். பால் பாக்கெட் போடுகிறவள்கூட நின்று விசாரித்துவிட்டுப் போனாள்.

அவள் நேராகச் சலூனுக்குள் நுழைந்தாள். "உங்க வாய்க்கு ஒரு பூட்டு செஞ்சு மாட்டினாத்தான் சரிப்படும்!"

"நான் பெருசா ஒண்ணும் சொல்லலையே. படிப்பு எப்படிப் போகுதுன்னு கேட்டாங்க..."

"இனிமே போகாதுன்னு சொல்லுங்க. நின்னுடப் போறேன்."

சலூன்காரர் சீப்பைக் கீழே வைத்தார். அவருக்கு உண்மையிலேயே முகம் வாடிவிட்டது. "நான் பேசினது தப்புதான். அதுக்குப் படிப்பை ஏன் தண்டிக்கிற?" என்றார்.

இரண்டு நாள் அவள் புத்தகத்தைத் தொடவில்லை. மேசையில் அவளுடைய பாதி காலியாகவே கிடந்தது. மகள் தன் புத்தகங்களை அந்தப் பக்கம் நகர்த்தவில்லை. அந்த வெற்றிடத்தைப் பார்ப்பதுதான் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. மூன்றாம் நாள் விடைத்தாளை எடுத்து விரித்தாள். தள்ளித் தள்ளி நின்றால் என்று பேராசிரியர் சொன்னது மண்டைக்குள் குடைந்தது. துணி காயப்போடும் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, ஒரு வாளியோடு சலூனுக்குப் போனாள். விடுமுறை நாள் மத்தியானம், கடை நிரம்பக் கூட்டம்.

"யாராவது ரெண்டு பலசாலி வேணும்" என்றாள்.

பயில்வான் தானே முன்னால் வந்தார். கறிக்கடைக்காரரை நாலு பேர் சேர்ந்து தள்ளிவிட்டார்கள். வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, கைப்பிடிக்குள் கயிற்றை நுழைத்து, ஆளுக்கு ஒரு முனையைக் கொடுத்தாள். ஒட்டி நின்று தூக்கினார்கள். வாளி சுலபமாக எழும்பியது.

"இப்ப ரெண்டு பேரும் ஒவ்வொரு அடியா பின்னால போங்க. வாளி கீழ உக்காரக் கூடாது."

ஓரடி போனார்கள், ஈரடி போனார்கள். பயில்வானின் புருவம் ஏறியது. இன்னும் கொஞ்சம் போனதும் கறிக்கடைக்காரர், "யாரும்மா வாளிக்குள்ள கல்லைப் போட்டது?" என்றார்.

"அதே தண்ணிதான் அண்ணே. இப்ப கயித்தை நேராக்குங்க பாப்போம், நடுவுல தொய்வே இருக்கக் கூடாது."

இதென்ன பெரிய விஷயம் என்று பயில்வான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். மறுபக்கம் கறிக்கடைக்காரர் தரையில் குதிகாலை ஊன்றிச் சாய்ந்தார். இரண்டு பேர் கையும் வெடவெடவென்று ஆடியதே தவிரக் கயிறு நேராகவில்லை. கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தியது. அவள் வாளியைப் பார்க்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த அந்தக் கைகளையே பார்த்தாள். இழுப்பதில் பெரும்பங்கு ஒருவரை எதிர்த்து ஒருவர் இழுப்பதிலேயே போய்விடுகிறது. வாளியை மேலே பிடிப்பதற்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

"பிடிச்சுட்டேன்!" என்று அவள் கத்தினாள். பயந்துபோன கறிக்கடைக்காரர் கயிற்றை விட்டுவிட்டார். வாளித் தண்ணீர் முழுவதும், பாதிச் சவரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தபால்காரர் மடியில் கொட்டியது.

அவரிடம் மன்னிப்புக் கேட்ட கையோடு, அவர் கன்னத்துக்கென்று கலக்கிவைத்திருந்த சோப்பு நுரையை விரலால் தொட்டு நிலைக்கண்ணாடியில் படம் போட்டாள். ஒரு புள்ளி, மேல்நோக்கிச் சாய்ந்த இரண்டு அம்பு, கீழே இறங்கும் ஓர் அம்பு. பக்கத்திலேயே பரீட்சைக் கணக்கைப் போட்டு முடித்தாள். கேள்வியில் இருந்த சாய்வுக்கு, பாதியைத் தாங்குவதாக அவள் நினைத்த ஒவ்வொரு கயிறும் அந்த முழு எடை அளவுக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. தபால்காரர் நனைந்த மடியோடு, "அப்ப நடுவுல மாட்டுறவன் கதி எப்பவும் இதுதான்" என்றார். சலூன்காரர் அன்று முழுக்க அந்தக் கண்ணாடியைத் துடைக்க விடவில்லை. முடிவெட்டிக்கொண்டவர்கள் அம்புகளுக்கு நடுவில்தான் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுபரீட்சையில் தேறினாள். அமோகமாக என்று சொல்ல முடியாது, ஆனால் கௌரவமாக. அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் ஒரு பாடம் காலை வாரியது, இரண்டு பாடம் கைகொடுத்தது, கணினி வரைபடப் பாடம் அழவைத்தது. மகள் பள்ளியை முடித்து சட்டம் படிக்கப் போனாள். சட்டப் புத்தகங்கள் மேசையில் எல்லை மீறியதால் இன்னொரு மேசை வாங்க வேண்டியதாயிற்று. பட்டமளிப்பு அன்று சலூன்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். கறுப்பு அங்கி போட்டு வரிசையில் நின்ற பையன்களில் நான்கைந்து பேரின் தலை அவருக்குப் பிடிக்கவில்லை. சட்டைப்பையில் இருந்த சீப்பை எடுத்து, புகைப்படத்துக்கு முன்னால் அவர்களைச் சரிசெய்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். அவள் பெயர் அழைக்கப்பட்டபோது எழுந்து நின்று கைதட்டினார். பக்கத்தில் இருந்தவரிடம், "அந்த இன்ஜினியர் வீட்டுக்காரன் நான்தான்" என்று சொல்லவும் மறக்கவில்லை.

இப்போது அதே நிறுவனத்தில், எந்த இடத்தில் எந்தக் கிரேனை நிறுத்துவது, எதை எப்படித் தூக்குவது என்று திட்டம் போடும் பிரிவில் அவளுக்கு வேலை. அவள் போட்ட முதல் திட்டத்தைத் தலைமைப் பொறியாளர் சிவப்பு மையால் கோலம் போட்டுத் திருப்பி அனுப்பினார். மண்ணின் உறுதியைக் கணக்கில் எடுக்க மறந்திருந்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்து போட்டாள். இரண்டாவது திரும்பி வரவில்லை.

மொட்டைமாடிக்கு ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டியை ஏற்றும் நாள் வந்தது. மேலே புதிதாக வந்த ஒரு பெண் கிரேனை இயக்கினாள். கிரேன் அக்கா கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டி எழும்ப எழும்ப அவள் கைகள் தாமாகவே அங்குமிங்கும் அசைந்தன. கண்ணுக்குத் தெரியாத பிடிகளைப் பிடித்துத் தள்ளின, இழுத்தன. பக்கத்தில் நின்ற சிக்னல்காரத் தம்பி பதறிப்போனான்.

"அக்கா, கையைக் கொஞ்சம் சும்மா வைங்க! மேல இருக்கிற பொண்ணு பாத்துச்சுன்னா எதை நம்புறதுன்னு தெரியாம தொட்டியைப் பக்கத்துத் தெருவுல இறக்கிரும்."

அவள் சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். தொட்டி மெல்லத் திரும்பி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி, அதன் இடத்தில் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. கழுத்து வலித்தது. ஆனாலும் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள்.