தண்ணீர் வந்ததால் நின்ற மானியம்

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். படித்தது ஐந்தாம் வகுப்பு. எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஆபீசில் புதிதாகச் சேர்ந்த தம்பிகள் பொறுத்துக்கொண்டு படிக்கவும்.

அறுபதுகளின் கடைசியில் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் நான் பியூன். கிணறு வெட்ட அரசாங்கம் தவணை தவணையாக மானியம் கொடுத்த காலம். ஓவர்சியர் மேலே நின்று டேப்பைப் படிப்பார். நான் உள்ளே இறங்கி அதன் நுனியை அடியில் வைத்துப் பிடிப்பேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூசுகிறவனுக்கு ஏற்ற வேலை. கிணற்றுக்குள் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

பென்னாகரம் ரோட்டுப் பக்கம் முனியப்பன் என்ற விவசாயி. கடைசித் தவணைக்கு அவர் முப்பத்தைந்து அடி ஆழம் காட்ட வேண்டும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் அளந்து கையெழுத்துப் போடாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். பாறைக்கு வேட்டு வைத்த ஆளுக்குத் தன் எருதுகளை ஈடாகச் சொல்லியிருந்தார். மானியம் வராவிட்டால் மாடு போய்விடும்.

முப்பதாம் தேதி போனோம். முந்தின நாள் வைத்த கடைசி வேட்டில் ஊற்று உடைத்துக்கொண்டு, கிணற்றில் இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர். சந்தோஷத்தில் சர்க்கரைப் பொங்கல் வைத்திருந்தார்கள். ஓவர்சியர் அதை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அடி தெரியாத கிணற்றை அளக்க ரூல் இல்லை என்றார்.

“தண்ணி வரட்டும்னுதானுங்க சர்க்காரு பணம் குடுக்குது?” என்றார் முனியப்பன்.

“தண்ணி வந்தா எழுதறதுக்கு ஃபாரத்துல எடம் இல்லய்யா. எறைச்சுட்டுச் சொல்லு.”

மறுநாள், கெடுவின் கடைசி நாள், நாங்கள் திரும்பப் போனபோது, விடியற்காலையிலிருந்து மாடு பூட்டிக் கவலையில் இறைத்தும் தண்ணீர் ஒரு சாண்கூடக் குறையவில்லை. முனியப்பன் மாடுகளின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார். அதைப் பார்க்க மாட்டாமல் சட்டையைக் கழற்றினேன்.

டேப் நுனியோடு முங்கி, அடியைத் தொட்டு ஆட்டினேன். மேலே வந்ததும், முப்பத்து நாலுதான் என்றார் ஓவர்சியர். வேட்டில் சிதறிய கல்லை அள்ளுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று முனியப்பன் மன்றாடினார். மறுபடி முங்கினேன். ஒரு மூலையில் கல்லை விலக்கி, முழங்கை வரை கையை விட்டேன். நகம் பெயர்ந்தது. கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. டேப்பை ஆட்டினேன்.

முப்பத்தைந்து அடி, இரண்டு அங்குலம்.

ஓவர்சியர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன்டா, நுனியை மடிச்சுப் புடிச்சியா?”

ஆறு வருஷ சர்வீசில் அவரிடம் ‘சரிங்க’ தவிர நான் எதுவும் சொன்னதில்லை. விரலில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்ததால் கூச்சம் மறந்துவிட்டது.

“சந்தேகமா இருந்தா நீங்க எறங்கிப் பாத்துக்கங்க சார். மேல நான் படிக்கறன்.”

அவருக்கு நீச்சல் தெரியாது. தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார். மானியம் வந்தது. மாடுகள் முனியப்பனிடமே இருந்தன.

நுனி மடங்காமல்தான் இருந்ததா என்று சத்தியம் கேட்டால் செய்ய மாட்டேன். மூச்சு முட்டுகிறவனுக்குக் கையில் இருப்பது டேப்பா கல்லா என்றே தெரியாது. நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: மேலே நிற்கிறவர் அளவைப் படிக்கிறார், அடியில் இருக்கிறவன்தான் அளக்கிறான். நீங்கள் ஆபீசர் ஆக ஆசைப்பட்டால், முதலில் நீச்சல் பழகுங்கள்.

எழுதி முடித்தது: 14-8-1979, செவ்வாய்க்கிழமை.