சேலை இல்லாமல் ஒரு பாட்டு

ஜாஸ் இசையில் பீபாப் என்று ஒரு வகை உண்டு. குதிரைப் பாய்ச்சல். பாடகிக்குச் சொற்கள் சீக்கிரமே தீர்ந்துவிடும். மீதியை ‘தூ பா தீ டப்’ என்று ட்ரம்பெட்டுக்குப் போட்டியாகத் தொண்டையாலேயே அடுக்க வேண்டும். ஒஸ்லோவில் பிறந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று கேட்காதவர்கள் இல்லை. பிடித்தது, அவ்வளவுதான்.

ஆரம்ப காலத்தில் ஒரு மேடையில் நடுப்பாட்டில் தடுமாறிவிட்டேன். சமாளிப்பதற்காக, தமிழ்ப் பள்ளியில் வேண்டாவெறுப்பாகப் படித்த ஸ்வரங்களை ச ரி க ம என்று வேகமாக அவிழ்த்துவிட்டேன். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. வினை அன்றைக்குத்தான் தொடங்கியது.

அடுத்த அழைப்பிலேயே “ஸ்வரம் உண்டுதானே?” என்றார்கள். அதற்கடுத்ததில் சேலை கட்டி வர முடியுமா என்றார்கள். சுவரொட்டியில் என் படத்துக்குக் கீழே தாமரைப்பூ முளைத்தது. பனிச் சப்பாத்துக்கு மேலே பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்தபடி எங்கள் புறநகரான ஹொல்ம்லியாவில் ரயில் ஏறும்போதெல்லாம், இந்த ஒருமுறை மட்டும் என்று சொல்லிக்கொள்வேன்.

அம்மாவுக்கு என் புலம்பல் விளங்கவில்லை. “சனம் கை தட்டுது. பிறகென்னத்துக்குப் பிள்ளை மூஞ்சியை நீட்டிக்கொண்டிருக்கிறாய்?”

“அவை என்ரை பாட்டுக்குத் தட்டேல்லை அம்மா, சீலைக்குத் தட்டுகினம்.”

“எதுக்குத் தட்டினாலென்ன, சத்தம் ஒண்டுதானே.”

போன வசந்தத்தில் ஒரு பியானோக்காரர் அழைத்தார். அவர்களுடைய பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். ஞாயிறு பிற்பகல், சின்னக் கஃபே. “சேலை வேண்டாம், ஸ்வரமும் வேண்டாம். பீபாப் மட்டும் பாடுங்கள், போதும்” என்றார். இதைக் கேட்கத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன். கறுப்பு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, ரயிலில் வெட்கமில்லாமல் சிரித்தபடியே போனேன்.

சொற்கள் இருந்தவரை நன்றாகத்தான் பாடினேன். பிறகு பியானோ எனக்கு வழி விட்டது. வாயைத் திறந்தேன். வந்தது ச ரி க ம. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி தொடங்கினேன். மறுபடியும் அதுவே. ஒருகாலத்தில் தூக்கத்திலும் பிசகாமல் வந்த ‘தூ பா தீ’யில் ஒரு துளிகூட மிச்சமில்லை. யாரை நொந்துகொள்வது? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் ஸ்வரமாகவே பாடி முடித்தேன்.

கஃபே முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. பியானோக்காரர் மட்டும் தட்டவில்லை. அங்கே பீபாப் கேட்க வந்தவர் அவர் ஒருவர்தான். நானும் அதற்குத்தான் வந்திருந்தேன்.