என் கிட்டாருக்கு டோன் இல்லை என்றவன்

எழுபதுகளின் கடைசியில் சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தேன். பகல் முழுக்க எந்த லாரி எந்தச் சரக்கோடு எங்கே நிற்கிறது என்று போனில் கத்துவது என் தொழில். முகூர்த்த நாட்களிலும் திருவிழாக்களிலும் மட்டும் நான் வேறு ஆள். ஒரு மெல்லிசைக் குழுவில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவன்.

குழுவை நடத்தியவன் என் நண்பன். சேலத்தில் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரே பெஞ்சு. அவனுடைய அப்பாவுக்குத் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் இருந்தன. மைக்கும் டிரம்ஸும் வேனும் அவன் வீட்டுக் காசு என்பதால் தலைவன் என்று யாரும் சொல்லாமலே அவன் தலைவனாக இருந்தான். அவனும் கிட்டார்தான். பல கம்பிகளைச் சேர்த்து மீட்டிப் பாட்டுக்கு அடியில் ஓடவிடும் கார்டுகளை அவன் வாசிப்பான். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே தனியாகக் கேட்கும் பகுதிகள் என்னிடம் வரும். அதில் அவனுக்கு வருத்தம் இருந்ததாக எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

என் கிட்டார் பழையது. சேலம் ரயில்வே குடியிருப்பில் இருந்த ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பியபோது விற்றுவிட்டுப் போனது. கழுத்துப் பகுதியில் வர்ணம் தேய்ந்து மரம் தெரியும். ஆம்ப்ளிஃபையர் அதைவிட மோசம். மைக் செட் கடையில் கழித்துப் போட்ட வால்வு ஆம்ப்ளிஃபையரை ஒரு பிளைவுட் பெட்டிக்குள் ஸ்பீக்கரோடு பொருத்தி வைத்திருந்தேன். சூடேறக் கொஞ்ச நேரம் ஆகும். பிறகு அடித்தொண்டையில் பேசுகிற மனிதன் மாதிரி ஒரு சத்தம் வரும். கம்பியை மீட்டி விரலை அழுத்தி அசைத்தால் அந்தச் சத்தமும் கூடவே அசைந்து மெல்ல அடங்கும். அது நல்ல சத்தமா என்று நான் யோசித்ததில்லை. யோசிக்க வைத்தவன் அவன்.

வாழப்பாடியில் ஒரு கல்யாணம். மத்தியானக் கச்சேரி முடித்துக் கடைசிப் பந்தியில் உட்கார்ந்திருந்தோம்.

"மாப்ள, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே?" என்றான்.

"சொல்றா."

"உன்ற கை சுத்தமா இருக்குது. அதுல ஒரு கொறையும் இல்ல. ஆனா டோன் இல்லடா."

"டோன்னா?"

"சத்தத்தோட தரம்டா. போன வாரம் மெட்ராஸ்ல ஒரு ரெக்கார்டிங் பாத்தேன். அவங்க கிட்டாரு வெண்ணெயாட்டம் வழுக்கிட்டு வருது. உன்றது தகரத்துல கல்லப் போட்டு ஆட்டுனாப்ல இருக்குது. கேக்கறவங்க மொகத்தப் பாத்தேன். சங்கடமாப் போச்சு."

ரசத்தோடு வந்தவர் வாளியைச் சாய்த்தபடி நின்றார். நான் இலையின் மேல் கையை விரித்து வேண்டாம் என்றேன். அன்று மேடையில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். சிரித்த முகங்கள்கூட அப்போது வேறு மாதிரி தெரிந்தன.

அதற்கப்புறம் கிட்டார் சத்தத்தை மாற்றும் பெட்டிகள் வர ஆரம்பித்தன. மெட்ராஸில் வெளிநாட்டுச் சாமான் விற்கும் கடைகளில் இருந்து அவன்தான் வாங்கி வருவான். சிலவற்றுக்கு அவன் பணம், சிலவற்றுக்கு என் சம்பளம். முதலில் வந்தது ஃபஸ் பெட்டி. காலால் ஒரு தட்டு தட்டினால் கிட்டாரின் குரல் கிழிந்து கரகரப்பாகும். அடுத்தது மிதிக்க மிதிக்க வாவ் வாவ் என்று அழும் பெடல். அதற்கப்புறம் உள்ளே டேப் சுற்றிக்கொண்டே இருக்கும் எக்கோ மெஷின். வாசித்ததைத் தானே திருப்பித் திருப்பிச் சொல்லும்.

இவற்றால் ஒரு பயனும் இல்லை என்று சொன்னால் பொய். எக்கோ மெஷினை முதல் நாள் போட்டுக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒற்றைக் கம்பியை மீட்டினால் சங்ககிரி மலையடிவாரத்தில் நின்று கூப்பிட்டது போல இருந்தது. ஃபஸ் பெட்டியைத் தட்டியதும் மேடைக்கு முன்னால் நின்ற இளவட்டங்கள் விசிலடித்தார்கள். சில பாட்டுகளுக்கு அந்தச் சத்தம் இல்லாமல் முடியாது. ஆனால் நாளாக ஆக நான் வாசிப்பது எனக்கே காதில் விழாமல் போனது. விரல் தவறினாலும் கரகரப்பு மூடிக்கொள்ளும். பாதியில் விட்ட ஸ்வரத்தை எக்கோ முடித்து வைக்கும். கம்பியின் மேல் இருக்க வேண்டிய கவனம் பாதத்துக்கு இறங்கிவிட்டது.

ஒவ்வொரு கச்சேரிக்கும் பிறகு அவன் முகத்தைப் பார்ப்பேன்.

"பரவால்ல மாப்ள. ஆனா டோன் இன்னும் வரலடா" என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்செங்கோட்டில் அவர்களுடைய ரிக் ஷெட்டில் ஒத்திகைக்குப் போயிருந்தேன். அவனும் நானும்தான் இருந்தோம், மற்றவர்கள் இன்னும் வந்து சேரவில்லை. பெட்டிகளுக்குப் போடும் பேட்டரி தீர்ந்து கிடந்தது. கடையும் மூடியிருந்தது. சரி என்று கிட்டாரை நேராக ஆம்ப்ளிஃபையரில் சொருகினேன். வெகுநாளாக மனதுக்குள் இருந்த என் சொந்த மெட்டு ஒன்று. கல்யாணி மாதிரி தொடங்கி எங்கெங்கோ போய்த் திரும்பும். பக்கத்தில் ரிக் வேலையாட்கள் இரும்புக் குழாயைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த அடியையே தாளமாக வைத்துக்கொண்டு வாசித்தேன். முடித்து நிமிர்ந்தபோது அவனுடைய சிங்கப்பூர் டேப் ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எடுத்தியா?"

"சும்மா, கேட்டுப் பாக்கலாம்னு."

"எப்படி இருந்துச்சு?"

அவன் டேப்பை நிறுத்தினான். கேசட்டை வெளியே எடுத்துச் சட்டைப் பையில் போட்டான். "சாதாவா இருக்குது மாப்ள. இதெல்லாம் ரெக்கார்டிங்ல எடுபடாது" என்றான்.

நான் நம்பினேன். கேசட்டை ஏன் சட்டைப் பையில் போட்டான் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

சில மாதங்களில் அவன் மெட்ராஸுக்குப் போனான். சினிமாப் பாட்டுக்கு வாசிக்கிற ஒரு குழுவில் இடம் கிடைத்திருக்கிறது என்றான். சேலம் ஜங்ஷனுக்குப் போய் ரயிலேற்றி விட்டேன். குழுவில் எல்லாரையும்விட எனக்குத்தான் பெருமை அதிகம். அவன் கையில் அவனுடைய கிட்டாரும் ஒரு சூட்கேஸும்தான் இருந்தன.

"பொட்டியெல்லாம் எடுத்துக்கலையா?" என்றேன்.

"நீயே வெச்சுக்க மாப்ள. உனக்குத்தான் தேவைப்படும்."

எவ்வளவு நல்ல மனது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வருஷம் சேலத்தில் ஒரு பெரிய விழா. மெட்ராஸிலிருந்து சினிமாப் பின்னணிப் பாடகர் ஒருவர் தன் வாத்தியக்காரர்களோடு வந்திருந்தார். அவர் மேடையேறும் முன் எங்கள் குழு கொஞ்ச நேரம் வாசிக்க ஏற்பாடு. மத்தியானமே மைக் சரிபார்க்கப் போயிருந்தோம். பெட்டிகளை இன்னும் இணைக்கவில்லை. விரல் இளகட்டும் என்று கிட்டாரை நேராக ஆம்ப்ளிஃபையரில் போட்டு அந்தப் பழைய மெட்டை வாசித்துக்கொண்டிருந்தேன். மெட்ராஸ் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பவர் கையில் டீ கிளாஸோடு வந்து பக்கத்தில் நின்றார். நடுவயதுக்காரர்.

"தம்பி, இது எங்கே கத்துக்கிட்டீங்க?"

"என்னோடதுங்க. சும்மா நானாக் கட்டினது."

அவர் சிரித்தார். "இல்லையே. இதை நான் ஏற்கெனவே கேட்டிருக்கேன். எங்ககூட ரெக்கார்டிங்ல ஒருத்தர் வாசிக்கிறார், இந்தக் கச்சேரிக்கு வரலை, உங்க ஊர்ப் பக்கம்தான். அவர் சான்ஸ் கேட்டு வந்தப்போ கொடுத்த கேசட்ல இதுதான் இருந்துச்சு. பின்னாடி யாரோ இரும்பை டங்கு டங்குனு அடிக்கிற சத்தம்கூடக் கேக்கும். வாசிப்பும் அந்த அடியோட அவ்வளவு பொருந்தி வரும். அதுக்காகவே அவரைச் சேர்த்துக்கிட்டாங்க."

நான் கம்பியிலிருந்து விரலை எடுத்தேன். அவரே தொடர்ந்தார்.

"ஆனா பாருங்க, நேர்ல வாசிக்கச் சொன்னா அந்தச் சத்தம் அவருக்கு வரவே இல்லை. 'என் ஆம்ப் ஊர்ல இருக்கு, அதான்'னார். ஸ்டூடியோவுல இருக்கிற நல்ல ஆம்ப் கொடுத்தோம். வரலை. கிட்டாரை மாத்தினார். என்னென்னமோ பெட்டி வாங்கிப் போட்டார். இன்னும் வாங்கிட்டுத்தான் இருக்கார். இப்போ பின் வரிசையில கார்டு வாசிக்கிறார்." என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் விரல்களைப் பார்த்தார். "அது நீங்களா?" என்றார் மெதுவாக.

நான் தலையாட்டினேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குக் கச்சேரியில் என்ன வாசித்தேன் என்று நினைவில்லை. திருடப்பட்டது பெரிய விஷயம்தான். ஆனால் என்னை அரித்தது அது மட்டும் அல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் காதில் விழுந்தது நல்ல சத்தம் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே என் கண்ணைப் பார்த்து 'சாதா' என்று சொன்னான். என் காதை நானே நம்ப முடியாதபடி செய்துவிட்டு, அந்தக் காது கட்டிய மெட்டை எடுத்துக்கொண்டு போனான்.

பொங்கலுக்கு அவன் ஊருக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுக் காலையிலேயே திருச்செங்கோடு பஸ் ஏறினேன். அவனுடைய அம்மா வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டார்கள். "வா சாமி, எத்தன நாளாச்சு! உள்ள போ, காப்பி கொண்டாரேன்" என்றார்கள். அவன் ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். நான் நிற்கும் விதத்திலேயே அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். பேப்பரை மடித்தான்.

"அந்தக் கேசட் எங்கடா?"

"அதுமேல வேற பாட்டு எடுத்தாச்சு மாப்ள."

"நான் வாசிச்சதக் குடுத்து நீ வேலைக்குச் சேந்தியா?"

"நான் வாசிச்சதுன்னு நான் சொல்லவே இல்லடா. அவங்களா நெனச்சுக்கிட்டாங்க."

"இல்லைன்னும் சொல்லலியே."

காப்பி வந்தது. அம்மா டம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனார்கள். பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உன்னால புக்கிங் ஆபீஸ உட்டுப்போட்டு மெட்ராஸ் வந்திருக்க முடியுமா? நெசமாச் சொல்லு."

"அத நீயா முடிவு பண்றது? அது போகட்டும். என்னோட டோன் சரியில்லைன்னு எதுக்குடா சொன்ன? வருஷக்கணக்கா?"

அவன் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். "மொதல்ல நெசமாவே டோன் பொட்டியிலதான் இருக்குதுன்னு நெனச்சேன் மாப்ள. உனக்கு அப்பிடி வருதே, எனக்கு வரலியேன்னு வயித்தெரிச்சல்... அப்புறம் சொல்லிச் சொல்லியே பழகிப்போச்சு."

இதைவிட அவன் முழுப் பொய்யாக ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று இருந்தது. நான் எழுந்தேன். வாசல் வரை கூடவே வந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். செருப்பைப் போடும்போது கேட்டான்:

"மாப்ள, அன்னைக்கு ஷெட்டுல வாசிச்சியே, கிட்டாருல டோன் மாத்தற திருகு எங்க வெச்சிருந்த?"

"பாதியில" என்றேன்.

பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. தெருமுனை திரும்பிய பிறகுதான், அவன் கேட்டது மன்னிப்பு இல்லை, என் சத்தம், அதையும் நான் கொடுத்துவிட்டு வந்தேன் என்பது உறைத்தது. பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வந்த பஸ்ஸை எல்லாம் விட்டேன்.

பெட்டிகளை ஈரோட்டுக் குழு ஒன்றுக்குக் கொடுத்துவிட்டேன். எக்கோ மெஷினைக் கொடுக்கும்போது மட்டும் மனம் கொஞ்சம் தயங்கியது. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது வாசித்ததைத்தான் திருப்பிச் சொன்னது. பிறகு சில வருஷங்கள் வேறொரு குழுவில் கிட்டாரை நேராக ஆம்ப்ளிஃபையரில் போட்டே வாசித்தேன். யாரும் குறை சொல்லவில்லை. பழைய சத்தம் வந்ததா என்றால், வந்தது என்றுதான் கேட்டவர்கள் சொன்னார்கள். எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கருவி எவ்வளவு, கை எவ்வளவு என்று இன்றும் யாராவது கேட்டால், இரண்டும் வேண்டும் என்று சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வேன்.

அவன் மெட்ராஸிலேயே இருந்துவிட்டான். ஸ்டூடியோக்களுக்கு வாத்தியக்காரர்களை ஏற்பாடு செய்து கொடுக்கும் வேலையில் நன்றாகவே வந்தான் என்று கேள்வி. அதற்கப்புறம் நாங்கள் பேசவில்லை.

எனக்குக் கல்யாணமானது எண்பதுகளின் நடுவில். மனைவி வெண்ணந்தூர்க்காரி. சாயங்காலம் நான் கிட்டாரை எடுத்தால் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவாள். முடித்ததும், "நல்லா இருக்குதுங்க" என்பாள்.

அவள் பொய் சொல்கிறவள் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் நான் முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தேன். எதற்காகச் சொல்கிறாள் என்று தேடினேன். அவளும் அதைக் கவனித்திருக்க வேண்டும். கொஞ்ச நாளில் எதுவும் சொல்லாமல் கேட்டுவிட்டு எழுந்துபோகப் பழகிக்கொண்டாள்.