செலினாவுக்கு வாங்கிய மட்டை

மார்ட்டின் கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளர். தினமும் காலையில் டென்னிஸ் ஆடிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். அவரிடம் இருந்தது கனமான, தலை சிறுத்த மட்டை. டிவியில் பெரிய ஆட்டக்காரர்கள் பிடிப்பது மாதிரி வேண்டும் என்று தேடி வாங்கியது.

மனைவி செலினாவும் ஆட வருகிறேன் என்றபோது, சேலம் போய் அவளுக்கும் ஒன்று வாங்கி வந்தார். இளஞ்சிவப்பில், லேசாக, அகன்ற தலையோடு இருந்தது. "அவங்க எப்படி ஆடுவாங்க சார்?" என்று கடைக்காரர் கேட்டபோது, "லேடீஸ்தானே, லேசா இருந்தா போதும்" என்றிருந்தார்.

செலினா மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் பிறந்தவள். அப்பா இன்னாசி கரும்பு வெட்டும் கூலி. பள்ளி விடுமுறையில் அவளும் வெட்டியிருக்கிறாள். தோளிலிருந்து முழுக் கையையும் வீசித்தான் அவளுக்கு அடிக்க வரும். அந்த லேசான மட்டையில் பட்ட பந்து கோட்டைத் தாண்டி, வேலியையும் தாண்டிப் போய் விழும்.

ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து ஆட வந்திருந்தார்கள். பந்து மறுபடி வேலிக்கு அப்பால் போனது. மார்ட்டின் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"கரும்பு வெட்டுன கை. அப்பிடித்தான் போவும்."

எல்லாரும் சிரித்தார்கள். செலினா மட்டையை பெஞ்சில் வைத்துவிட்டு நடந்தாள். அதன் பிறகு ஆட வரவில்லை.

கொஞ்ச நாளில் மார்ட்டினுக்கு முழங்கை வலி வந்தது. டீ டம்ளரைத் தூக்கினாலே சுரீர் என்றது. ஆட்டத்தை விட மனமில்லாமல் செலினாவின் மட்டையை எடுத்துப் போனார். பந்து நினைத்த இடத்தில் போய் விழுந்தது. எதிரே ஆடிய வீரமுத்து வலையருகே வந்தார். அவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர்.

"சார், இதான் உங்க பேட்டு. நீங்க கைய சின்னதா வீசுறீங்க. வேகத்த பேட்டுதான் குடுக்கணும்."

"அப்போ செலினாவுக்கு?"

"அவங்க வீச்சுலயே வேகம் ஜாஸ்தி. இதுல அடிச்சா வெளியதான் போவும். நீங்க வச்சிக்கினு இருந்தீங்களே, அந்த கனமான பேட்டுல பந்து அடங்கி வுழும்."

மார்ட்டினுக்கு முகம் கூசியது. அவள் ஆட்டத்தைப் பார்க்காமலே மட்டை வாங்கியிருக்கிறார். அதைவிட அவர் சொன்ன வார்த்தைதான் உறுத்தியது. இன்னாசி கரும்பு வெட்டித்தான் மகளை டீச்சருக்குப் படிக்கவைத்தார். கல்யாணத்தின்போது சொந்தக்காரர்களிடம் அதைப் பெருமையாகச் சொன்னவரும் மார்ட்டின்தான்.

வீட்டுக்கு வந்ததும் தன் மட்டையை அவளிடம் நீட்டினார். "இனிமே இது உன்னுது. நான்தான் தப்பா வாங்கிட்டேன்."

செலினா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "பேட்டு கெடக்கட்டுங்க. அன்னிக்கு பேசுனதுக்கு இன்னா பண்ணப் போறீங்க?"

"தமாஷுக்குதான்..."

"எல்லாரும் சிரிச்சாங்க இல்ல? அவுங்க முன்னாடி சொல்லுங்க."

மறுநாள் அவளை அழைத்துப் போய், அதே ஆட்கள் முன்னால் சொன்னார். "அன்னிக்கு நான் பேசுனது தப்பு. மன்னிச்சிடு செலினா." சிரித்தவர்களில் ஒருவர் ஷூ கயிற்றைக் கட்டுவதுபோலக் குனிந்துகொண்டார். செலினா தலையை மட்டும் அசைத்துவிட்டுக் கனமான மட்டையோடு ஆடுகளத்துக்குள் போனாள். அவள் அடித்த பந்து கோட்டுக்கு உள்ளேயே விழுந்தது. வீரமுத்துவால் அதைத் தொட முடியவில்லை.

கிறிஸ்துமஸுக்கு மாமனார் வீட்டுக்குப் போனார்கள். சாப்பிடும்போது இன்னாசி ஆசையாகக் கேட்டார்: "மாப்ள, பாப்பா பந்து ஆடுதாமே? நல்லா ஆடுதுங்களா?"

"என்னவிட நல்லா ஆடுது மாமா."

கிழவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பெருமையோடு மகளைப் பார்த்தார். செலினா எதையும் காட்டிக்கொள்ளாமல் அப்பாவுக்குக் குழம்பு ஊற்றினாள். மார்ட்டின் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.