பன்னிரண்டாவது சோதனை

நான் ஓராண்டுக்கு மேல் தங்கிய ஒரே இடம் காரைக்குடியில் ஒரு மண்ணெண்ணெய் அடுப்புப் பட்டறைதான். அடுப்புக் கால்களை ஈயம் வைத்துப் பற்றவைப்பது என் வேலை. எழுபதுகளின் தொடக்கம் அது. சுற்றுவட்டாரத்து ஆறு பட்டறை முதலாளிகள் கூடி, அடுப்பு எப்படி இருக்க வேண்டும் என்று பொது விதி எழுதினார்கள். அதன்படி இருந்தால் முத்திரை. சோதித்து முத்திரை குத்த நிரந்தரமாக ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். எட்டாவதோடு நின்று ஊர் ஊராக அலைந்தவனுக்கு அந்த நாற்காலி மேல் ஆசை வந்தது.

பக்கத்துப் பட்டறையில் அமராவதிபுதூர்க்காரன் ஒருவன் இருந்தான். என் வயதுதான். பள்ளியிறுதி முடித்தவன். கையில் ஒரு தீக்காயம்கூடக் கிடையாது. ‘அடுப்பு உறுதியாக இருக்க வேண்டும்’ என்றது விதி. ஆறு முதலாளிகளும் தங்கள் அடுப்புதான் உறுதி என்று சத்தியம் செய்து சண்டை போட்டார்கள். அவன் ஒருவன்தான், “உறுதின்னு எதை வச்சுச் சொல்லுவீக?” என்று கேட்டான். மறுவாரம் விதியின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சோதனை எழுதி வந்தான். பத்துக் கிலோ எடைக்கல்லை ஒரு மணி நேரம் ஏற்றி வை, சாய்ந்த பலகையில் எரியவிடு, இப்படிப் பதினொன்று. அத்தோடு சண்டை ஓய்ந்தது. முதலாளிகள் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அது ஆடி மாதம். நான் சாப்பிடும் மெஸ்ஸில் சமைக்கும் அக்கா கும்மாயம் கிண்டிக்கொண்டிருந்தார். உளுந்து மாவும் வெல்லமும் நெய்யும் இறுக இறுக, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றினார். அடுப்பு தரையில் நகர்ந்தது. கிண்டும்போது அடுப்பு தாங்குமா என்கிற சோதனை அவன் பட்டியலில் இல்லை. ஆள் எடுக்கும் நாளன்று அக்காவைச் சட்டி துடுப்போடு அழைத்துப் போனேன்.

பதினொன்றிலும் தேறிய ஆறு அடுப்புகள் வரிசையாக இருந்தன. அக்கா முதலாவதில் கிண்டத் தொடங்கினார். மாவு இறுகியதும் ஒரு கால் பெயர்ந்து சட்டி சரிந்தது.

“அடுப்புச் செஞ்சீகளா, கொலுப் பொம்மை செஞ்சீகளா?” என்றார் அக்கா.

அமராவதிபுதூர்க்காரன் முகம் சுருங்கவில்லை. “மிச்ச அஞ்சுலயும் கிண்டுங்கக்கா” என்றான்.

ஐந்தும் விழுந்தன. கடைசியாக விழுந்தது நான் பற்றவைத்தது.

அவன் உட்கார்ந்து பன்னிரண்டாவது சோதனையை எழுதினான். விதியையும் திருத்தினார்கள்: கால்களுக்கு ஈயம் போதாது, ரிவிட் அடிக்க வேண்டும். நாற்காலி அவனுக்குப் போனது. பற்றவைக்கக் கால் இல்லாததால் நான் மதுரைக்குப் பஸ் ஏறினேன்.

சில வருடம் கழித்து, திருச்சியில் ஓர் அடுப்புப் பட்டறைக்கு வேலை கேட்டுப் போனேன். ஒருவர் புது அடுப்பின் மேல் சட்டியை வைத்து, ஈர மணலைப் போட்டுத் துடுப்பால் சுழற்றிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன்.

“தெரியலண்ணே. பட்டியல்ல பன்னெண்டாவதா இருக்கு. நூறு சுத்து.”

“அது நான் கண்டுபிடிச்சது.”

அவர் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலின் நகலை எட்டிப் பார்த்தார். கீழே அமராவதிபுதூர்க்காரனின் கையெழுத்து மட்டும் இருந்தது.

“அப்படியாண்ணே” என்றார்.

துடுப்பை வாங்கி மீதிச் சுற்றுகளை நானே கிண்டினேன், பல்லைக் கடித்துக்கொண்டு. ரிவிட் அடித்த அடுப்புக் கால் அசையவில்லை.