நான் ஜெயித்த கிடா

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு கறி தின்பதை விட்டவன் நான். சாமிக்கு வேண்டிக்கொள்ளவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. யாருடைய பிரசங்கத்தையும் கேட்டு மனம் மாறவில்லை. பிரசங்கம் என்றாலே எனக்கு எரிச்சல் வரும். ஒரு கிடா என் தோளில் தூங்கியது. அவ்வளவுதான் காரணம்.

வடமதுரைப் பக்கம் வருஷா வருஷம் ஒரு கிரிக்கெட் போட்டி நடக்கும். முதல் பரிசு வெள்ளாட்டுக் கிடா. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாங்கள் ஜெயித்தோம். கிடாவை மடியில் போட்டுக்கொண்டு பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தவன் நான். பாதி வழியில் அது என் தோளில் தாடையை வைத்துத் தூங்கிவிட்டது. குறட்டை வேறு. மறுநாள் மத்தியானம் அதுவே பிரியாணியாக என் இலைக்கு வந்தது. கை வைத்தேன். தோள் குறுகுறுத்தது. எழுந்துவிட்டேன்.

கூட்டாளிகள் சும்மா விடுவார்களா? ஒருவன் தோல் வியாபாரி, எங்கள் டீமுக்கு கேப்டன். இன்னொருவன் அகரத்தில் கத்தரியும் மல்லிகையும் போடுகிறவன், விக்கெட் கீப்பர்.

"முட்டை திங்கலாம்ல?" என்றான் அகரத்துக்காரன்.

"வேணாம்."

"ஏலே, முட்டையுமா ஒந்தோள்ல தூங்குச்சு?"

"பீஸே இல்ல மாப்ள, வெறுஞ்சோறு" என்று கேப்டன் குஸ்காவை நீட்டினான். ஆட்டோடு ஒரே அண்டாவில் முங்கி எழுந்த சோறு வெறுஞ்சோறாம். கத்தினேன். அவன் அலட்டிக்கொள்ளாமல் என் காலைக் காட்டினான்.

"அப்ப அது என்ன மாப்ள?"

அவனே ஆள் வைத்துத் தைத்துக் கொடுத்த தோல் செருப்பு. அங்கேயே கழற்றி எறிந்தேன். வெறுங்காலோடு உச்சி வெயிலில் தார் ரோட்டில் குதித்துக் குதித்து வீடு போய்ச் சேர்ந்தேன். பார்த்தவர்கள் எனக்கு சாமி வந்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அடுத்த வாரம் ரப்பர் செருப்போடு போனேன். கேப்டன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "செருப்பு சரி. பந்து?"

ஸ்டிச் பால் முழுக்க மாட்டுத்தோல். டீமில் உருப்படியாக பவுலிங் போடுகிறவன் நான் ஒருத்தன்தான். "இனிமே தொட மாட்டேன்" என்றேன். அவன் முகம் செத்துவிட்டது. கிண்டல் பண்ணப் போய் அடுத்த போட்டிக்கு முன்னால் தன் பவுலரையே தொலைத்துவிட்டான். நல்லா வேணும்.

அடுத்த வருஷப் போட்டி நாளில் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். வேப்பமரத்தில் பரிசுக் கிடா கட்டியிருந்தது. கறுப்பு உடம்பு, செம்பட்டைக் காது. போட்டி பேனரின் ஓரத்தைத் தின்றுகொண்டிருந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தது. தோள் மறுபடி குறுகுறுத்தது.

"நீ போடலைன்னா தோப்போம்" என்றான் கேப்டன். "தோத்தா கிடா அவிங்க அண்டாவுக்குள்ள."

"ஜெயிச்சா நம்ம அண்டாவுக்குள்ள. கிடாவுக்கு என்ன வித்தியாசம்?" என்றேன். பிறகு வார்த்தை தானாக வந்தது. "போடுறேன். ஜெயிச்சா கிடா எனக்கு. உசிரோட."

டீமே என்னைப் பார்த்தது. பிறகு கிடாவைப் பார்த்தது. பிறகு எதிர் டீமைப் பார்த்தது. அவர்களிடம் தோற்றால் அடுத்த வருஷம் வரைக்கும் பஸ் ஸ்டாண்டில் கூட நிம்மதியாக நிற்க முடியாது.

"எடுத்துத் தொலை" என்றான் கேப்டன்.

தோலைத் தொடாமல் பந்து போட என்னிடம் ஒரு வழி இருந்தது. மோட்டார் காயில் கட்டுவது என் தொழில். காயிலுக்குச் சுற்றும் பருத்தி நாடா எப்போதும் என் பையில் கிடக்கும். விரல் விரலாகச் சுற்றினேன். அம்பயர் ஓடி வந்தார்.

"என்ன தம்பி, கையில கட்டு? அடிபட்டுச்சா?"

"இல்ல. கொள்கை."

"கொள்கையெல்லாம் கையில சுத்தக் கூடாது. அவுத்துட்டுப் போடு."

செத்த மாட்டின் தோலா, உயிரோடு நிற்கிற ஆடா? யோசிக்க அங்கே யார் நேரம் தருகிறார்கள்? பின்னால் அகரத்துக்காரன், "போடுலே, வெயில் மண்டையப் பொளக்குது" என்று கத்துகிறான். நாடாவை அவிழ்த்தேன். பந்தைப் பிடித்தேன். மாட்டிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடினேன். இவ்வளவு கோபத்தோடு நான் பந்து போட்டதே இல்லை.

கடைசி விக்கெட்டுக்கு பந்து மட்டையில் பட்டு மேலே எழும்பியது. அகரத்துக்காரன் குப்புற விழுந்து பிடித்தான். எழுந்து புழுதியைத் தட்டக் கூட இல்லை.

"கேட்ச்ச விட்டாலும் பிரியாணி கிடையாது. பிடிச்சாலும் கிடையாது. இதெல்லாம் ஒரு ஆட்டமாலே?"

கிடா இந்தத் தடவையும் என் மடியில்தான் வந்தது. தூங்கவில்லை. வழி நெடுக என் சட்டைக் காலரைத் தின்றது.

இப்போது அது எங்கள் வீட்டில் இருக்கிறது. உயிரைக் காப்பாற்றியவன் என்ற மரியாதை கொஞ்சமும் கிடையாது. என் ரப்பர் செருப்பைத் தின்றது. பக்கத்து வீட்டு மருதாணிச் செடியை மொட்டையடித்தது. கிடா நாற்றம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் புண்ணியவான்கள். எனக்கு அதைப் பிடிக்கவே இல்லை. பிடித்ததைத்தான் சாப்பிடக் கூடாது என்று சட்டமா? பிடிக்காவிட்டாலும் அது உயிரோடு இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டாளிகள் வருவார்கள். கேப்டன் அதற்கு அகத்திக்கீரை கொண்டுவருவான். அது தின்னும்போது முதுகைத் தடவுவான். கை தானாக விலாப் பக்கம் போய் அமுக்கிப் பார்க்கும்.

"கைய எடுலே!"

"பழக்கம் மாப்ள. நல்ல தோலு."

போன ஞாயிற்றுக்கிழமை இந்த வருஷப் போட்டி நோட்டீஸை நீட்டினான். என் மனைவி முதலில் வாங்கிப் படித்தாள். முதல் பரிசு கிடா. இரண்டாம் பரிசு குக்கர்.

"ஏண்ணே, இந்தத் தடவை மரியாதையாத் தோத்துட்டு வாங்க" என்றாள் கேப்டனிடம். "இன்னொரு கிடா இந்த வாசப்படி ஏறுச்சு, நான் எறங்கிருவேன்."

வேண்டுமென்றே தோற்பது அயோக்கியத்தனம். அதை நான் செய்ய மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன். குக்கர் என்ற வார்த்தை நோட்டீஸில் பெரிதாகத்தான் போட்டிருந்தது. இரண்டாவது தடவை படிப்பதற்குள் கிடா அதைத் தின்றுவிட்டது.