அருவியை மீறி வந்த குரல்

யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷம், ஆனி மாதம். கல்யாணமாகி நான் தென்காசிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு நாள் காலை நானும் மதினியும் வில்வண்டியில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போனோம். எங்கள் வண்டிக்காரர் நாற்பது வயது ஒண்டிக்கட்டை. மேலகரம் தாண்டும்வரை தெம்மாங்கு பாடிக்கொண்டே வந்தார். கட்டைக் குரல், மேலே ஏறவே ஏறாது. ஆனாலும் கேட்கச் சுகமாக இருக்கும்.

அருவியில் எங்களைத் தவிர ஆளில்லை. பக்கத்தில் நின்ற மதினியின் முகமே சாரலில் மங்கித் தெரிந்தது. திடீரென்று அந்த இரைச்சலைக் கிழித்துக்கொண்டு ஒரு பெண்குரல், பாட்டின் உச்சியில் இழுத்து நிறுத்தினதுபோல:

“ஏட்டி! வெளிய வாங்கட்டி!”

பயத்திலேயே ஓடி வந்தோம். கரையில் கால் வைக்கவும், செந்தண்ணீரும் கல்லும் ஒரு மரத்துண்டும் நாங்கள் நின்ற இடத்தில் வந்து விழுந்தன.

சுற்றிப் பார்த்தால் ஒரு பெண்ணையும் காணோம். வண்டிக்காரர் மட்டும் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு இன்னும் புடைத்திருந்தது. “வனப்பேச்சிதான் கூப்பிட்டிருக்கா” என்று மதினி மலையைப் பார்த்துக் கும்பிட்டாள். திரும்பும் வழியில் அவர் பாடவில்லை, மாடுகளைக்கூட அதட்டவில்லை.

மதினி அந்தக் காட்டுத் தெய்வம் வனப்பேச்சிக்குப் பொங்கல் வைத்தாள். எனக்கு மனசு ஆறவில்லை. தொழுவத்தில் அவர் தனியாக இருந்தபோது கேட்டேன்: “அண்ணாச்சி, கூப்பிட்டது நீங்கதானே?”

வைக்கோலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பொறந்தப்போ பொம்பளப் புள்ளைன்னு பேரு வச்சாக, தாயி. எனக்கு அது ஒட்டவே இல்ல. இருபது வயசுல வேட்டியக் கட்டிக்கிட்டு ஊர விட்டு வந்துட்டேன். பேச்சுக் குரலு சீக்கிரம் இறங்கிட்டு. பாட்டுதான் பாதியில நழுவி மேல ஓடிரும். அதான் அருவிக்குள்ள நின்னு பாடுவேன். அங்கன பாடினா யாருக்கும் கேக்காதுல்லா? கொஞ்சங் கொஞ்சமா இறக்குனேன். மூணு வருசச் சாரல் ஆச்சு. பழைய குரலு செத்துப்போச்சுன்னுதான் நெனச்சேன். அன்னைக்கு மேல தண்ணி செவந்து வாறதப் பாத்து இந்தக் குரல்ல எத்தனையோ தடவ கூப்பிட்டேன், உங்களுக்குக் கேக்கல. அதுவா வந்துட்டு.” பிறகு என் முகத்தைப் பார்த்தார். “சொல்லிராதீக, தாயி.”

சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து மறுபடி பாடினார், அதே கட்டைக் குரலில். மதினி என் காதோரம் குனிந்து, “பேச்சி கூப்பிட்டது இன்னும் காதுக்குள்ளயே நிக்கி” என்றாள். வண்டிக்குள் நான் சட்டென்று பேச்சை அன்றைய சமையலுக்கு மாற்றினேன்.

போன தையில் அவர் காலமானார். கடைசிவரை எல்லோருக்கும் அண்ணாச்சிதான். இருபது வருஷம் பாடுபட்டுக் கட்டிய வாழ்க்கையை எங்கள் இரண்டு பேருக்காக ஒரு நொடியில் பணயம் வைத்தாரே, வாயைத் திறக்காமல் இருந்ததைத் தவிர நான் அவருக்கு என்ன செய்துவிட்டேன் என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.